ஆட்டின் மேல் போட்ட பழி

2008 அக்டோபரில் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் நிர்வாகம், பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கு முன்பாக ஒரு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பாதிரியாரை ரிக்லி ஃபீல்டு மைதானத்துக்கு வரவழைத்தது. வீரர்கள் உட்காரும் இடத்தில் அவர் புனித நீர் தெளித்து ஜெபித்துவிட்டுப் போனார். அதன்பின் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுடன் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி.

கிரேக்கப் பாதிரியாரைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. 1945இல், கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஆட்டம் ஒன்றுக்குத் தன் வெள்ளாட்டையும் கூட்டிக்கொண்டு வந்த பில்லி சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர் ஒரு கிரேக்கர். ஆடு நாறுகிறது என்று வெளியே அனுப்பினார்களாம். இனி கப்ஸ் உருப்படாது என்று அவர் சபித்தாராம். அடுத்த எழுபது ஆண்டுகளாக அந்த அணியின் ஒவ்வொரு தோல்விக்கும் அந்த ஆடு பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆட்டுக்காக யாராவது வாதாட வேண்டும். கப்ஸ் அதற்கு முன் கடைசியாகக் கோப்பை வென்றது 1908இல். ஆடு மைதானத்துக்கு வரும்போதே 37 ஆண்டுகள் வெறுங்கையாகக் கழிந்திருந்தன. அந்த 37 ஆண்டுக்கு எந்த ஆட்டைக் கட்டுவது?

கொஞ்சம் கணக்கும் போடலாம். இன்று அமெரிக்காவின் மேஜர் லீகில் 30 அணிகள். எல்லாரும் சம பலம் என்றே வைத்துக்கொண்டு, யார் ஜெயிப்பது என்று ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கினாலும், 30 ஆண்டு முடிவில் சுமார் 11 அணிகள் ஒரு கோப்பைகூட இல்லாமல் நிற்கும். ஆக முப்பது ஆண்டு வறட்சிக்குத் தெய்வக் குற்றம் தேவையில்லை. ஆனால் 2016 வரை கப்ஸ் காத்திருந்த 108 ஆண்டு என்பது வேறு. 1960 வரை மொத்தமே 16 அணிகள்தான். அவ்வளவு காலம் தோற்க துரதிர்ஷ்டம் மட்டும் போதாது, விடாமுயற்சியும் வேண்டும்.

அந்த முயற்சியைக் கப்ஸ் முதலாளிகள் குறைவில்லாமல் செய்தார்கள். 1947 முதல் 1966 வரை 20 பருவங்களும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே முடிந்தன. சூயிங்கம் வியாபாரி பிலிப் ரிக்லி, 1961இல் மேனேஜரே வேண்டாம், பயிற்சியாளர்கள் முறை வைத்து அணியை நடத்தட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். யார் சொல்வதை வீரன் கேட்பது என்றே தெரியாத ஏற்பாடு. மறு ஆண்டு 103 தோல்வி. 1964இல் லூ பிராக் என்ற இளைஞரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு அந்த அணி அவரை வைத்துக் கோப்பை வென்றது. இதில் ஆட்டின் குளம்படி எங்கே இருக்கிறது?

சுவைக்காகச் சொல்லும் கதைதானே, விட்டுவிடுங்களேன் என்பார்கள். விடமுடியாததற்குக் காரணம் பாஸ்டன்.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1918க்குப் பிறகு 86 ஆண்டுகள் காத்திருந்தது. 1919 டிசம்பரில் முதலாளி ஹாரி ஃபிரேஸி, பேப் ரூத்தை ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸிடம் விற்றார். அந்தப் பாவம்தான் துரத்தியது என்பது கதை. ரூத்தின் பட்டப்பெயரை வைத்து வந்த ‘பாம்பினோ சாபம்’ என்ற பெயர் ஊரெல்லாம் பரவியதே 1990இல் அதே தலைப்பில் ஒரு பத்திரிகையாளர் புத்தகம் எழுதிய பிறகுதான். சாபத்துக்குள் மறைந்துபோன கதை வேறு.

1945 ஏப்ரல் 16. நகரசபை உறுப்பினர் ஒருவரின் நெருக்கடி தாங்காமல், ரெட் சாக்ஸ் நிர்வாகம் மூன்று கறுப்பின வீரர்களை ஃபென்வே பார்க்கில் ஆடிக்காட்டச் சொன்னது. ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ். மூவரும் ஆடினார்கள், போனார்கள். யாருக்கும் அழைப்பு வரவில்லை. ராபின்சன் 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸில் இறங்கி வரலாறு ஆனார். ஜெத்ரோ 1950இல் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார், அதுவும் அதே பாஸ்டனின் இன்னொரு அணியான பிரேவ்ஸுக்கு ஆடி. வில்லி மேஸ் இளைஞராக ஆடிய பர்மிங்காம் மைதானத்தை ரெட் சாக்ஸின் கிளை அணியும் பகிர்ந்துகொண்டது. கண் முன்னால் ஆடியவரையும் எடுக்கவில்லை. அவர் பின்னாளில் அடித்தது 660 ஹோம் ரன். கறுப்பின வீரர் ஒருவரை ரெட் சாக்ஸ் களமிறக்கியது 1959இல், 16 அணிகளில் கடைசியாக.

1933 முதல் 1976 வரை முதலாளியாக இருந்த டாம் யாக்கியின் காலத்தில் ஒரு கோப்பைகூட இல்லை. பேப் ரூத்தின் ஆவி என்று சொல்லிவிட்டால் இதையெல்லாம் பேச வேண்டியதில்லை பாருங்கள். மைதான வாசல் தெருவிலிருந்து யாக்கியின் பெயர் நீங்கவே 2018 ஆனது.

மேலே இருப்பவனைத் தப்பவிடும் சாபம் கீழே ஒருவனைப் பலி கேட்கும். 1986 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில், ரெட் சாக்ஸ் வீரர் பில் பக்னரின் கால்களுக்கிடையே பந்து உருண்டு போனது. அவர் பெயர் கெட்டது. அந்தப் பந்துக்கு முன்பே இரண்டு ரன் முன்னிலையைப் பந்துவீச்சாளர்கள் கோட்டைவிட்டு ஸ்கோர் சமமாகியிருந்தது. ஏழாவது ஆட்டமும் மீதி இருந்தது, அதில் 3-0 முன்னிலை பெற்றும் தோற்றார்கள். இதெல்லாம் யாருக்கும் நினைவில்லை. 2003இல் சிகாகோவில் இன்னும் மோசம். கப்ஸ் வேர்ல்ட் சீரிஸுக்குப் போக ஐந்து அவுட்தான் பாக்கி. தன் பக்கம் வந்த ஃபவுல் பந்துக்கு ஒரு ரசிகர் கை நீட்டினார், பக்கத்திலிருந்தவர்களும்தான் நீட்டினார்கள். பிறகு ஷார்ட்ஸ்டாப் ஒரு சுலபமான பந்தை நழுவவிட்டார், எதிரணி எட்டு ரன் குவித்தது. ஆனால் தலையில் சட்டையைப் போர்த்தி, காவலர்கள் சூழ வெளியே கொண்டுபோகப்பட்டவர் அந்த ரசிகர். அவர் வீட்டு வாசலில் போலீஸ் நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பந்தை ஏலத்தில் எடுத்து, மறு ஆண்டு வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஜப்பானில் ஹான்ஷின் டைகர்ஸ் ரசிகர்கள் 1985இல் ஆற்றில் வீசிய கேஎஃப்சி தாத்தா சிலைதான் தங்கள் வறட்சிக்குக் காரணம் என்றார்கள். சிலை 2009இல் கிடைத்தது, கோப்பை 2023 வரை வரவில்லை. அங்கே ஆளுக்குச் சேதமில்லை என்பது ஒரு நிம்மதி.

பாஸ்டன் 2004இல் வென்றது. சிகாகோ 2016இல் வென்றது. இரண்டிலும் அணியைக் கட்டியது ஒரே ஆள், தியோ எப்ஸ்டீன். அவர் கையில் விபூதி இல்லை. பாஸ்டனில் புள்ளிவிவர நிபுணர் பில் ஜேம்ஸின் ஆலோசனை இருந்தது. சிகாகோவில் 2012இல் 101 ஆட்டம் தோற்பதையும் பொறுத்துக்கொண்டு இளம் வீரர்களைச் சேர்க்கும் நிதானம் இருந்தது.

ரசிகனின் பொறுமையைப் புகழ்கிறவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. தோற்றாலும் அரங்கம் நிறையும் என்று தெரிந்த முதலாளி எதற்குக் காசை இறக்குவான்? டிக்கெட்டும் பீரும் விற்றால் போதாதா? 1989க்குப் பிறகு கோப்பை பார்க்காத ஓக்லாந்து ரசிகர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 2023 ஜூன் 13 அன்று, வழக்கமாகக் காலியாகக் கிடந்த அரங்குக்கு 27,759 பேர் வந்தார்கள். பலர் போட்டிருந்த பச்சைச் சட்டையில் ‘அணியை விற்றுவிடு’ என்பதே செய்தி. முதலாளி விற்கவில்லை, 2024 பருவம் முடிந்ததும் அணியை ஊரைவிட்டே கிளப்பிக்கொண்டு போனார். ஓக்லாந்தில் யாரும் அதற்கு ஆட்டைத் தேடவில்லை.