பட்டறையில் கூடிப் பயிலட்டும்

பெங்களூரை அடுத்த பிடதியில் 2007 முதல் இயங்கும் டொயோட்டா தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம், கிராமப்புற ஏழை மாணவர்களை விடுதியில் தங்கவைத்து மூன்றாண்டுகள் பயிற்றுவிக்கிறது. கர்நாடக அரசும் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் கைகோத்து 150 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்தியிருக்கிறது. வரவேற்க வேண்டிய முயற்சிகள். ஆனால் இயந்திரம் மட்டும் புதிதானால் போதாது. கற்பிக்கும் முறையும் கூட்டுக் கற்றலாக மாற வேண்டும்.

லேத்தில் ஒரு மாணவர் கடைய, இன்னொருவர் வெர்னியர் காலிப்பரால் அளந்து, அளவு எங்கே பிசகியது என்று எடுத்துச்சொல்லட்டும். அடுத்த பாகத்துக்கு இருவரும் இடம் மாறட்டும். சக மாணவருக்கு விளக்கிச் சொல்பவருக்குப் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும். இப்படி இடம் மாற்றாமல் விட்டால் கெட்டிக்காரர் ஒருவர் வேலையை முடிப்பார். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அது கூட்டுக் கற்றல் ஆகாது.

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் கடைபவர், அளப்பவர், பொருத்துபவர் எனப் பல கைகள் சேர்ந்தே ஒரு பொருளை உருவாக்குகின்றன. தேர்வோ இன்னும் தனிக் கையையே சோதிக்கிறது. செய்முறைத் தேர்வில் குழுப்பணிக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும். அதற்கேற்பப் பயிற்றுநர்களுக்கும் பயிற்சி தர வேண்டும். அரசு தாமதிக்கலாகாது.