வெண்ணிறப் புதினா

சித்திரை பிறந்துவிட்டால் குடாநாட்டு வெயிலுக்கு இரக்கமென்பது கிடையாது. சுண்ணக்கற்றரை சூடேறும், கிணற்று நீர் கீழிறங்கும், பனையோலை வேலியும் அனல் மூச்சு விடுவது போலத் தோன்றும். இவ்வெம்மைக்கு மோரும் இளநீரும் நம் முன்னோர் கண்ட அருமருந்துகள். அவற்றின் பெருமையைக் குறைத்துக் கூறுவது எமது கருத்தன்று. ஆயினும் விடுமுறையில் வீட்டில் நிற்கும் பிள்ளைகள் கேட்பது மோரையா? ஐஸ்கிறீமையன்றோ கேட்கின்றனர்! நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை அண்டிய ரியோ முதலிய கடைகளில் மாலைதோறும் கூடும் கூட்டமே இதற்குச் சான்று.

அந்த ஐஸ்கிறீமை வீட்டிலேயே, அதுவும் புதினா இலை கொண்டு, ஆக்கும் முறையை இவ்வாரம் கூறப் புகுகின்றோம். சமையற் குறிப்பு எழுதுவது கல்லூரி ஆசிரியர்க்கு அழகோவென நேயர் சிலர் நகைக்கலாம். பௌதிகமும் இரசாயனமும் ஒரு கோப்பைக்குள் அடங்குவதை இத்துணை எளிதாகக் காட்டும் பாடம் பிறிதொன்றுண்டோ? அதனினும் மேலாக, மெய்யையும் தோற்றத்தையும் பிரித்தறியும் பயிற்சியும் இதிலுண்டு. அதனாலேயே இதனை எடுத்துக்கொண்டோம்.

முதலிற் பால். ஒரு லீற்றர் பசுப்பாலை அடி தடித்த சட்டியில் ஊற்றி, அகப்பையால் துழாவியபடி, முக்கால் லீற்றராக வற்றும்வரை காய்ச்சுக. 150 கிராம் சீனி சேர்க்க. ஒரு மேசைக்கரண்டி சோளமாவைச் சிறிது ஆறிய பாலிற் கரைத்து ஊற்றி, கட்டிபடாமற் கிளறிச் சில நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குக. இந்நிலையில் இனிப்புச் சற்று மிகுந்தே இருத்தல் வேண்டும்; குளிர்ந்த நாவுக்கு இனிப்பு மந்தமாகவே புலப்படும்.

அடுத்தது இலை. சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளில் வாங்கும் புதினாவில் வாடாத இலைகளாக இரு கைப்பிடி கிள்ளி, நன்கு கழுவி, உள்ளங்கையில் இலேசாகக் கசக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான பாலில் இட்டு மூடிவிடுக. இருபது நிமிடம் போதும். பின்னர் வடியில் வடித்து, ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியிற் சில மணி நேரம் வைத்திடுக. இலையைப் பாலோடு கொதிக்கவிடுதல் ஆகாது. மணந் தரும் எண்ணெய் ஆவியோடு போய்விடும். எஞ்சுவது கீரை வாடையே.

இங்கேதான் பிள்ளைகள் முகஞ் சுளிப்பர். "இது பச்சையாக இல்லையே!" என்பர். உண்மைதான், வடித்தெடுத்த பால் வெண்மையாகவோ, மிகமிஞ்சினால் மங்கிய இளம்பச்சை சாயலாகவோதான் இருக்கும். இலையின் பசுமைக்குக் காரணமான பச்சையம் நீரிற் கரைவதன்று. சூடுபட்டால் அது பழுப்பாக மாறும் இயல்புமுடையது. ஆகவே கிளிப்பச்சை நிறத்தில் மினுங்கும் ஐஸ்கிறீமின் நிறம் பெரும்பாலும் இலை தந்ததன்று, சாயம் தந்தது. அனுமதிக்கப்பட்ட சாயத்தை அளவோடு சேர்ப்பதைக் குற்றமென நாம் கூறவில்லை. ஆனால் நிறத்தையே புதினாவென நம்பி வளரும் பிள்ளை, உண்மைப் புதினாவைக் கண்டால் போலியென ஒதுக்குகின்றதே, அதுவே எமது கவலை.

புதினாவின் குளிர்ச்சியும் ஆராயத்தக்கது. மிளகுப் புதினா போன்ற சில இனங்களில் மென்தோல் என்னும் பொருள் மிகுதி. அது வாயின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. குளிரை உணர்த்தும் நரம்பின் வாயிலைத் தட்டி, குளிர் வந்ததென மூளைக்கு அறிவிக்கச் செய்கிறது. இவ்வாயிலை 2002இல் விஞ்ஞானிகள் இனங்கண்டனர். வெப்பத்தையும் தொடுகையையும் உடல் உணரும் விதத்தை ஆராய்ந்த டேவிட் யூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவருக்கும் 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது. சமையலுக்குப் பெரிதும் பயன்படும் புதினா இனத்தில் மென்தோல் சொற்பமே. அதன் மணத்துக்குத் தலையாய காரணம் காவோன் என்னும் வேறொரு பொருள். எனவே எமது கோப்பையிற் குளிரின் பெரும் பகுதியைப் பனிக்கட்டியே தருதல் வேண்டும்.

பனிக்கட்டி மட்டும் போதுமா? போதாது. அது 0 பாகை செல்சியசில் உருகும். சீனி கலந்த பாலோ அதனினுந் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உறையும். இவ்விடத்தில் உதவிக்கு வருவது உப்பு. உப்புச் சேர்ந்த பனிக்கட்டி 0 பாகைக்குக் கீழேயும் உருகும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைச் சுற்றியுள்ள பொருள்களிலிருந்தே அது கவர்கிறது. மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பென்னும் நிறையளவிற் கலந்தால், வெப்பநிலை −21 பாகையை அண்மிவரை இறங்கவும் கூடும். குளிர் என ஒரு பொருளை நாம் உண்டாக்குவதில்லை. பாலிலுள்ள வெப்பத்தை வெளியேற்றுகின்றோம், அவ்வளவே.

செய்முறை எளிது. மூன்று கிலோ பனிக்கட்டியைச் சாக்கிலிட்டு உடைத்து, ஒரு கிலோ கல்லுப்புடன் அடுக்கடுக்காக வாளியில் இடுக. நடுவில், குளிர்ந்த பாலைக் கொண்ட, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து, இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருக்க. ஐந்து நிமிடத்துக்கொருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, பக்கங்களில் உறைந்ததைச் சுரண்டி நடுவே கலக்குக. அரைமணி நேரமளவிற் பால் இறுகிவரும். ஓயாது கலக்குவதாற் பளிங்குகள் சிறுத்து நிற்கும். காற்றும் சேர்ந்து மென்மை தரும். கலக்காது விட்டால் பளிங்குகள் பெருத்து, மணலைக் கடிப்பது போலாகும். கைசுழற்றும் பொறியொன்றுக்கு நான்சி யோன்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1843இல் காப்புரிமை பெற்றார். அதன் தத்துவமும் இதுவே.

பனிக்கட்டி ஒரு காலத்திற் கடல் கடந்து வந்த பொருள். பொஸ்டன் வணிகர் பிரெடெரிக் ரியூடர், உறைந்த நீர்நிலைகளில் வெட்டிய பனிக்கட்டியை 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். அதனைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்ததே ஐஸ் ஹவுஸ். 1897 சனவரியில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் உரையாற்றிய சுவாமி விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையில் தங்கியது அக்கட்டடத்திலேயே. இன்று அது விவேகானந்தர் இல்லம்.

உப்போ நமது மண்ணின் பொருள். ஆனால் அதுவும் நம் கையைவிட்டு அகன்றிருந்த காலமுண்டு. போரினால் ஆனையிறவு உப்பளம் 1990இல் ஓய்ந்தது. அவ்வாண்டின் பின் நெடுங்காலம் குடாநாட்டு வீடுகளுக்கு மின்சாரமுமில்லை. குளிர்சாதனப் பெட்டிகள் வெறும் பெட்டிகளாயின. மண்பானைத் தண்ணீரே பிள்ளைகள் கண்ட குளிர். அத்தலைமுறையினர் இன்று பெற்றோராகி நிற்கின்றனர். ஒரு வாளிப் பனிக்கட்டியும் ஒரு கிலோ உப்பும் எளிதிற் கிடைப்பது எத்துணைப் பேறென்பதை அவர்களே தம் மக்களுக்கு எடுத்துரைத்தல் தகும்.

எச்சரிக்கை சில. உறைவதனாற் கிருமிகள் மாண்டுவிடுவதில்லை. ஆதலாற் பாலை நன்கு காய்ச்சுவதும் பாத்திரங்களைக் கொதிநீரிற் கழுவுவதும் இன்றியமையாதன. மீன் பதனிடுவதற்கான பனிக்கட்டி வாளிக்கு உதவும்; வாய்க்கு உதவாது. உப்புநீர் பாத்திரத்தினுட் புகாதபடி மூடி மேலே நிற்க வேண்டும். உப்புப் பனியில் வெறுங்கையை வைத்திருந்தாற் தோல் புண்படும், துணியைச் சுற்றிக்கொள்க. உருகியதை மீண்டும் உறையவைத்து உண்ணற்க.

ஆக்கி முடித்ததும் ஒரு சோதனை செய்க. வந்திருக்கும் அயல்வீட்டுப் பிள்ளைகளின் கண்களைக் கட்டி, ஆளுக்கொரு கரண்டி ஊட்டி, "இது என்ன?" என்று கேளுங்கள். அவர்கள் தயங்காது "புதினா" என்பர். பின்னர் கட்டை அவிழ்த்து வெண்ணிறத்தைக் காட்டுங்கள். கண் கூறுவதனைத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாதென்னும் பாடம், அக்கோடையிலேயே அவர்கள் நெஞ்சிற் பதிந்துவிடும்.