கம்பெனி செட்டிங் யாருடைய எடைக்கு?

புது பைக் எடுத்தால் உடனே எனக்குப் போட்டோ அனுப்புகிறீர்கள். வண்டிக்கு மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், கையில் அட்டையில் செய்த பெரிய சாவி. சந்தோஷம். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது "உங்க எடை எவ்வளவு? பின்னால யார் உட்காருவாங்க?" என்று கேட்டார்களா? ராஜபாளையத்திலும் கேட்பதில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கேட்பதில்லை. தையல்காரர்கூட இடுப்பளவு எடுக்காமல் பேன்ட் வெட்டமாட்டார்.

பின்சக்கரத்தின் இருபுறமும் ஷாக் அப்சார்பர் இருக்கிறதே, அந்த ஸ்பிரிங்கின் அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டிய ஒரு வளையம் இருக்கும். ஸ்பிளெண்டரில் 5 படி, எச்.எஃப். டீலக்ஸில் 2 படி. அழகுக்காக வைத்ததில்லை. ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள வைத்தது. பத்து வருடம் ஓட்டிய வண்டியிலும் அது வந்த படியிலேயே துருப்பிடித்து நிற்கிறது. சைலென்சர் மாற்றக் காசு இருக்கிறது, ஸ்டிக்கருக்கு இருக்கிறது, முதுகுவலி பெல்ட்டுக்கும் இருக்கிறது. இதற்குக் காசே வேண்டாம், ஒரு கொக்கி ஸ்பேனர் போதும்.

படியை ஏற்றினால் ஸ்பிரிங் கல்லு மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். ஹூக் விதிக்கு முழு மார்க் வாங்கியவனும் இதைச் சொல்கிறான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஸ்பிரிங் மாறிலி மாறாதப்பா! ஆள் ஏறும் முன்பே ஸ்பிரிங்கைக் கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். அதனால் ஆள் ஏறியதும் வண்டி அதிகம் இறங்காது. பள்ளத்தில் விழும்போது அமுங்க மீதி இடம் இருக்கும். அந்த இடம் இல்லாமல் போனால்தான் "டங்" என்று அடி வாங்குகிறது.

அந்த அடி யாருக்கு? ஓட்டுகிற உங்களுக்கு ஹேண்டில்பார் இருக்கிறது, பள்ளம் முன்கூட்டியே தெரிகிறது. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கோ மனைவிக்கோ இரண்டும் இல்லை. அவர் எடை ஏறக்குறைய முழுவதும் பின் ஸ்பிரிங் மேல்தான் விழுகிறது. ஆண்டாள் தேரோட்டத்தன்று ராஜபாளையத்திலிருந்து போகும் வண்டிகளைப் பாருங்கள். இரண்டு பெரியவர், நடுவில் ஒரு பிள்ளை, மடியில் பை. பின்பக்கம் தரையைத் தேய்க்காத குறை. (மூன்று பேர் ஏறுவதே தப்பு, அது வேறு சண்டை.)

இன்னொன்று: பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் தூக்கும், ஹெட்லைட்டும் தூக்கும். இரவில் செங்கோட்டைச் சாலையில் எதிரே வருகிறவன் கண் கூசுகிறது. "டிப் பண்ணுடா" என்று அவன் திட்டுகிறான், நீங்களோ டிப்பில்தான் வருகிறீர்கள். ஹேண்டிலும் லேசாகி நிலை தடுமாறும்.

அதற்காக எல்லோரும் கடைசிப் படிக்கு ஏற்றாதீர்கள். 45 கிலோ இருக்கும் பெண்பிள்ளை தனியாக ஓட்டும் வண்டியில் அப்படி வைத்தால், ஷாக் கொஞ்சமும் இறங்கியிருக்காது. சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைப் பிடிக்காமல் துள்ளும். ஜல்லி கிடக்கும் வளைவில் அது ஆபத்து. 40 லிட்டர் கேன் இரண்டு கட்டிக்கொண்டு பால் கொண்டுவருபவருக்குக் கேன் எடையோடு 90 கிலோ அளவுக்குச் சுமை. அவருக்கு மேல்படி சரி. அதே வண்டியைச் சாயங்காலம் மகள் டியூஷனுக்கு எடுத்தால் படியை இறக்கித்தான் ஆகவேண்டும்.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் போடுங்கள். சைலென்சர் ஆறியிருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே படி. தினமும் இருவர் போகிறவர்கள் ஒரு படி ஏற்றிவிட்டு, வழக்கமான சாலையில் ஓட்டிப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொன்று. டயர் காற்றையும் இருவருக்கான அளவுக்கு வையுங்கள். ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் எந்தப் படியும் உதவாது, மாற்றியே ஆகவேண்டும்.

"கம்பெனி செட்டிங்கைத் தொடாதீங்க சார்" என்று கமெண்டில் வரப்போகும் மெக்கானிக் தம்பிகளுக்கு: தொடக்கூடாதது என்றால் கம்பெனிக்காரன் அதில் படி வெட்டியிருக்க மாட்டான். அடுத்த சர்வீஸுக்கு வருகிறவரிடம் எடையைக் கேட்டுவிட்டு அப்புறம் வந்து என்னோடு வாதாடுங்கள்.