இங்கிலீசு ரீச்சர் வந்திட்டுப் போற பள்ளிக்கூடங்கள்

வன்னியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன் என்று சொன்னால், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கிற நண்பர்கள் முதலில் கேட்பது, “பிள்ளையளுக்கு ஏதும் விளங்குதோ?” என்பதுதான். நல்லாவே விளங்குது. ஆனால் பிள்ளைகளை ஆங்கிலத்தில் கதைக்க வைக்கிற நேரமும், அவர்களோடு கதைக்கிற ஆளும் எங்கள் பள்ளிக்கூடங்களில் நிலைப்பதில்லை. என் கவலை அதுதான்.

தரம் மூன்றுப் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்க முன்னமே அதனிடம் கனக்க ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. ரக்ரர், பம், பைப், லைற், சார்ஜர், ரொபி, பிஸ்கற். எல்லாம் வயலிலும் கடையிலும் கேட்டுப் பழகியவை. ஒருநாள் எழுத்து அட்டையில் யானைப் படம் வந்தது. முன் வாங்கில் இருந்த பெடியன் எழும்பி, “சேர், நைற் எலிபன்ற் கம். பனானா ஓல் ஈற்” என்றான். முதல்நாள் இரவு யானை வந்து அவர்களின் வளவு வாழைகளை முறித்துத் தின்றிருந்தது. இலக்கணம் பிழைதான். ஆனால் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாத ஒரு செய்தியை அவன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். பிறகு மற்றப் பிள்ளைகளும் தங்கள் தங்கள் யானைக் கதைகளைத் துண்டு துண்டாகச் சொல்லத் தொடங்கினார்கள். மொழி உள்ளே போவது இப்படித்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தமே இதைச் சொன்னது. தரம் ஒன்றிலும் இரண்டிலும் புத்தகம் இல்லை, எழுத்து இல்லை. வகுப்பாசிரியரே விளையாட்டோடும் வேலையோடும் சேர்த்து வாய்மொழியாக ஆங்கிலம் பழக்க வேண்டும். தரம் மூன்றிலிருந்து முறையான பாடம். நல்ல யோசனை. ஆனால் தான் பள்ளியில் படித்த காலத்தில் ஆங்கிலம் கதைத்தே பழகாத வகுப்பாசிரியர் அதை எப்படிச் செய்வார்? வெட்கத்தில் விட்டுவிடுகிறார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். பிள்ளை தரம் மூன்றுக்கு வரும்போது வாய் திறக்காமலே பேனையைப் பிடிக்கிறது. தரம் ஐந்தில் புலமைப்பரிசில் வந்துவிடும். நான் கண்ட பள்ளிகளில் மாதிரி வினாத்தாளுக்கு நேரம் காணாவிட்டால் முதலில் பறிபோவது ஆங்கிலப் பாடவேளைதான்.

அதற்கு மேலே இடமாற்றம். கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனத்தில் கஷ்டப் பிரதேசத்துக்கு வருகிற ரீச்சர், காலையில் இரண்டு பஸ் மாறி வருகிறார். மழை என்றால் உள்வீதிக்கு பஸ் வராது. தங்குவதற்கு விடுதி இல்லை. கட்டாய காலம் முடிந்த அடுத்த நாளே இடமாற்றம் கேட்கிறார் என்றால் அதில் என்ன அதிசயம்? பிள்ளைகளின் பெயரும், யார் வெட்கப்படுவான், யாருக்குக் காது கேட்காது என்பதும் அவருக்குப் பிடிபடுகிற நேரத்தில் அவர் போய்விடுகிறார். அடுத்தவர் வரும்வரை அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடுவார்கள்.

“வீட்டில் பார்த்துச் சொல்லிக் குடுக்கலாம்தானே” என்பார்கள். இந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பாமார் பலர் 2009இல் பள்ளி மாணவர்கள். இடம்பெயர்வில் புத்தகத்தைத் தொலைத்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே மறுபடி படிக்கத் தொடங்கியவர்கள். “எங்களுக்குத்தான் வாய்க்கேல்லை, பிள்ளைக்கு எண்டாலும் சொல்லித் தாங்கோ சேர்” என்று கேட்கிற ஒரு அம்மாவிடம் வீட்டில் பாருங்கோ என்று எந்த வாயால் சொல்வது?

இது வெறும் பாடப் பிரச்சினை இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. வன்னிப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் இன்று பஸ் போகிற தூரத்தில். ஆனால் பொறியியற் பீடத்தின் விரிவுரை மண்டபத்துக்குள் மொழி ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, கேள்வி கேட்க வாய் வராமல் பின்வரிசையில் இருக்கும்.

புலம்பெயர்ந்த உறவுகளும் கொழும்பு நண்பர்களும் உதவ வருகிறார்கள். மூன்று கிழமை ‘ஸ்போக்கின் இங்கிலிஷ்’ முகாம், சான்றிதழ், குறூப் போட்டோ. மனம் நல்லது. இந்த வழியை எங்களைவிடப் பெரிய அளவில், காசு கொட்டிப் பார்த்த நாடு தென்கொரியா. அங்கேயும் 1997இல் தரம் மூன்றிலிருந்து ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பே, 1995இல், எபிக் என்ற திட்டத்தில் ஆங்கிலம் தாய்மொழியான நாடுகளில் இருந்து ஆட்களை அரசுப் பள்ளிகளுக்கு எடுக்கத் தொடங்கினார்கள். 2008இல் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளை நோக்கி ரோக் என்று இன்னொரு திட்டம். வருகிறவர்களுக்குச் சம்பளம், தங்க வீடு எல்லாம் உண்டு. அப்படியும் ஒப்பந்தம் வழக்கமாக ஒரு வருடம்தான். அதனால்தான் எபிக்கில் வருகிறவர் கொரிய ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பு எடுக்கிற முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. வந்தவர் போனபிறகும் வகுப்பில் நிற்கப் போவது அந்தக் கொரிய ஆசிரியர்தான்.

வன்னியிலும் நிற்கப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். அந்த ஊரிலேயே இருக்கிற, தரம் ஒன்றும் இரண்டும் எடுக்கிற வகுப்பாசிரியர். காசும் நேரமும் அவருக்குப் போகட்டும். வலயக் கல்விப் பணிமனைகள் அவர்களுக்கு எழுத்துப் பயிற்சிப் பட்டறை வைக்காமல், ஒரு வருடம் தொடர்ந்து கதைத்துப் பழக இடம் கொடுக்கட்டும். ஆங்கிலப் பாடவேளையைப் புலமைப்பரிசிலுக்கு எடுக்கக் கூடாது என்று அதிபர்மார் ஒரு முடிவு எடுக்கட்டும். வெளியிலிருந்து வருகிற ரீச்சரைத் தடுத்து வைக்கச் சட்டம் தேடுவதைவிட, பாதுகாப்பான ஒரு விடுதியும் நேரத்துக்கு ஒரு பஸ்ஸும் கொடுத்துப் பார்க்கலாம்.

இதை வாசிக்கிற, ஆங்கிலம் நல்லாகத் தெரிந்த நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆவணியில் மூன்று கிழமை வராவிட்டாலும் பரவாயில்லை. கிழமைக்கு ஒருநாள் அரை மணித்தியாலம், போனில், ஒரே ஒரு வகுப்பாசிரியரோடு ஒரு வருடம் ஆங்கிலத்தில் கதையுங்கள். பிழை திருத்தாமல் கதையுங்கள். அவருக்கு வெட்கம் போனால், அவரிடம் வருடா வருடம் வருகிற பிள்ளைகளுக்கும் போகும்.