பிள்ளைகளுக்குச் சிக்கனம் போதிக்கும் முன்

எமது சமூகத்தவர் கூடுமிடங்களில் அண்மைக்காலமாக ஒரு குறை அடிக்கடி காதில் விழுகின்றது. படிக்கவென்று ஊரிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லையாம். கையில் விலையுயர்ந்த தொலைபேசி, வார இறுதியில் கடைச் சாப்பாடு. "நாங்கள் வந்த காலத்தில் ஓர் அறைக்குள் எட்டுப் பேர் படுத்தெழும்பிக் காசு சேர்த்தோம்" என்று பெருமூச்சோடு அந்தப் பேச்சு முடிகிறது. இந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு நியாயமானது? ரெக்ஸ்டேலில், ஹம்பர் கல்லூரியின் வடக்கு வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இம்மாணவர்களோடு அயலவராக வாழ்கின்ற நாம் இதைக் கணக்குப் போட்டே பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஒரு மாணவர் ஓராண்டு வாழ்வதற்கு 10,000 டொலர் கையில் வைத்திருந்தால் போதும் என்றே கனடிய அரசு நீண்டகாலம் கூறிவந்தது. 2024 சனவரி 1ஆம் திகதி அத்தொகை 20,635 டொலராகவும், 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி 22,895 டொலராகவும் உயர்த்தப்பட்டது. மாதத்துக்கு ஏறக்குறைய 1,908 டொலர். இது கியூபெக் நீங்கலாக நாடு முழுவதற்குமான கணக்கு. ரொறன்ரோவின் வாடகை எத்தகையதென்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இனி வரவைப் பார்ப்போம். 2024 நவம்பர் முதல், படிப்புத் தவணைக் காலத்தில் மாணவர் ஒருவர் கல்லூரிக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். 2025 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். ஒரு கிழமையும் தவறாமல் உழைத்தாலும், பிடிப்பனவுகளுக்கு முன் மாதம் 1,830 டொலர் வரும். அரசு சொல்லும் வாழ்க்கைச் செலவுக்கே 78 டொலர் குறைகின்றது. கல்விக் கட்டணம் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை. கோப்பி குடிப்பதை நிறுத்தி அடைக்கக்கூடிய பள்ளமன்று இது.

அந்தக் கட்டணத்தின் கதை வேறு. 2019இல் ஒன்ராறியோ அரசு உள்நாட்டு மாணவரின் கட்டணத்தைப் பத்து வீதத்தால் குறைத்து, அதன்பின் பல ஆண்டுகள் உயரவிடாது வைத்திருந்தது. துண்டுவிழுந்த தொகையை வெளிநாட்டு மாணவரிடமிருந்து ஈடுசெய்யக் கல்லூரிகள் பழகிக்கொண்டன. மாணவர் தொகையில் 30 வீதமாக இருந்த வெளிநாட்டவர், பொதுக் கல்லூரிகளின் கட்டண வருமானத்தில் 68 வீதத்தைச் செலுத்தினர் என்று மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் 2021இல் அறிக்கையிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு இலங்கை ரூபா சரிந்தது. 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் இரண்டு மாதங்களுள் 360 ரூபாவை எட்டியது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கு அதே கட்டணம் ரூபாக் கணக்கில் ஏறக்குறைய இருமடங்காயிற்று. இவர்களையா நாம் ஊதாரிகள் என்கிறோம்?

அப்படியாயின் சிக்கனத்துக்கு இடமே இல்லையா? இருக்கின்றது. ஆனால் அது வயிற்றைக் கட்டுவதில் இல்லை. தெரியாமையாலும் பிறரின் பேராசையாலும் ஒழுகிப்போகும் காசைத் தடுப்பதிலேயே உள்ளது.

முதலாவது ஒழுக்கு வாடகை. ஒன்ராறியோச் சட்டப்படி வீட்டுக்காரர் முன்பணமாக வாங்கக்கூடியது கடைசி மாத வாடகையை மாத்திரமே. சேதத்துக்கென்று தனியாகப் பணம் வாங்குவது சட்டவிரோதம். செலுத்திய வாடகைக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டால் இலவசமாகக் கொடுத்தேயாக வேண்டும். எனினும், வீட்டுக்காரரோடு அல்லது அவரது குடும்பத்தோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்பவருக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அறை பார்க்கப் போகும் பிள்ளை முதலில் கேட்கவேண்டியது வாடகைத் தொகையை அல்ல. சமையலறை யாருடையது என்பதையே.

இரண்டாவது வேலை. "காசாகத் தருகிறேன், கணக்கில் வேண்டாம்" என்று சொல்லி, குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் குறைவாகக் கொடுப்போர் எம்மவர் மத்தியிலும் உளர். மணித்தியால வரம்பை மீறினால் பறிபோவது மாணவரின் அனுமதிப் பத்திரம். அந்த அச்சத்தையே முதலாகப் போட்டு வியாபாரம் நடக்கின்றது. பழகும் நாட்கள் என்று சொல்லிச் சம்பளமின்றி வேலை வாங்குவதும் சட்டத்துக்கு மாறானதே. கிடைக்காத சம்பளத்துக்காக இரண்டு ஆண்டுகளுக்குள் மாகாணத் தொழில் அமைச்சிடம் முறையிடலாம். வருமானம் குறைந்தோருக்கு இலவச ஆலோசனை கூறும் சமூகச் சட்ட உதவி நிலையம் ரெக்ஸ்டேலிலேயே இருக்கின்றது.

மூன்றாவது வருமான வரி. உழைத்தது சிறிதெனினும் ஏப்ரல் 30ஆம் திகதிக்குள் கணக்குச் சமர்ப்பிக்க வேண்டும். இங்கு வதிவோராகக் கணிக்கப்படும் மாணவர், விற்பனை வரி மீளளிப்பும் வாடகையைக் கருத்திற்கொள்ளும் மாகாண உதவிப் பணமும் பெறலாம். கல்விக் கட்டணத்துக்கான மத்திய அரசின் வரிச் சலுகையைப் பின்வரும் ஆண்டுகளுக்குச் சேமித்தும் வைக்கலாம். எத்தனை பிள்ளைகள் இதையறியாது விட்டுவிடுகின்றனர்!

நான்காவது, ஏற்கெனவே செலுத்திவிட்ட காசு. வெளிநாட்டு மாணவர் 1994இல் மாகாண மருத்துவக் காப்புறுதியிலிருந்து நீக்கப்பட்டனர். இன்று அவர்களுக்கான காப்புறுதிக் கட்டணத்தைக் கல்வி நிலையங்கள் தனியே அறவிடுகின்றன. அப்படியிருந்தும் செலவுக்கு அஞ்சிக் காய்ச்சலோடு படுத்துக் கிடக்கும் பிள்ளைகள் உண்டு. போக்குவரத்தும் அவ்வாறே. 2024 பெப்ரவரி முதல் பிராம்ரன், மிசிசாகா பேருந்தில் வந்து ரீ.ரீ.சி.க்கு மாறுபவர் உரிய நேரத்துள் மாறினால் இரண்டாவது கட்டணம் இல்லை. 2025 டிசெம்பரில் ஃபிஞ்ச் மேற்கு இலகு ரயில் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டது. கல்லூரிக்கு அருகில் என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

சீட்டு விடயத்திலும் ஒரு சொல். அடுத்த தவணைக் கட்டணத்தைச் சீட்டில் போட்டுவைப்பது தீயோடு விளையாடுவது. தாச்சி தலைமறைவான கதைகளை எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள்.

இவையெல்லாம் மாணவர் செய்யவேண்டியவை. நாம் செய்யவேண்டியது என்ன? அண்மையில் எமது அயலில், நிலக்கீழ் அறையொன்றில் வாடகைக்கிருக்கும் ஒரு மாணவர் வரிக் கணக்குக்காக வீட்டுக்காரரிடம் பற்றுச்சீட்டுக் கேட்டிருக்கிறார். "தம்பி, பற்றுச்சீட்டு வேண்டுமென்றால் மாதம் நூறு டொலர் கூடத் தரவேண்டும்" என்பது கிடைத்த பதில். கேட்டவரும் தமிழர், சொன்னவரும் தமிழர். இந்தப் பிள்ளைக்குச் சிக்கனம் போதிக்க எமக்கு என்ன தகுதி இருக்கின்றது?

வீட்டுக் கடனின் சுமையை நாம் அறியாதவரல்லர். வட்டி ஏறிய ஆண்டுகளில் பல குடும்பங்கள் நிலக்கீழ் வாடகையாலேயே வீட்டைக் காப்பாற்றிக்கொண்டன. வாடகை வாங்குவது குற்றமன்று. சட்டம் தரும் பாதுகாப்பை மறைத்து வாங்குவதே குற்றம்.

நாம் வந்த காலத்தை நினைத்துப் பார்ப்போம். 1983 யூலைக்குப் பின் ஆயிரமாயிரமாய் வந்தோம். 1986 ஓகஸ்டில் 155 பேர் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தபோது அந்நாட்டு மீனவர் கைகொடுத்தனர். அறைக்கு எட்டுப் பேராக இருந்தோம் என்பது உண்மை. ஆனால் எம்மிற் பலருக்குச் சமூக உதவிப் பணம் கிடைத்தது. இலவச ஆங்கில வகுப்பு இருந்தது. குடும்பத்தை அழைக்கும் நம்பிக்கையும் இருந்தது. எமது சிக்கனத்துக்கு அடியில் ஒரு தரை இருந்தது. இன்றைய மாணவருக்கு அத்தரை இல்லை. 2023இல் பிராம்ரனில் ஓர் உணவு வங்கி வெளிநாட்டு மாணவருக்குக் கதவை மூடியதைக் கண்டோம்.

ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் ஊரிலுள்ள பாடசாலைக்குக் கட்டடம் கட்டக் காசு சேர்க்கின்றது. நல்லது. அதே பாடசாலையில் படித்த பிள்ளை இங்கே எந்த அறையில் இருக்கின்றது என்று விசாரிக்க ஒருவரையேனும் நியமிக்கட்டும். பற்றுச்சீட்டுத் தரும் வீடுகளின் பட்டியல் ஒன்றைப் பேணட்டும். பங்குனி மாதத்தில் கோயில் மண்டபத்தில் இரண்டு சனிக்கிழமைகள் வரிக் கணக்கு நிரப்பிக் கொடுக்க எம் கணக்காளர்கள் முன்வரட்டும். பெருஞ்செலவில்லாத காரியங்கள் இவை. இவற்றைச் செய்துவிட்டு அந்தப் பிள்ளைகளிடம் சிக்கனம் பற்றிப் பேசுவோம். அப்போது அவர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.