பிரிவுநாள் உயில்

மலேசியாவில் எஸ்.பி.எம். பரீட்சையோடு பள்ளியை நீங்கும் ஐந்தாம் படிவ மாணவர்கள், ஆட்டோகிராப் ஏட்டில் தோழருக்கு ஆரூடம் கூறுவதையும், கடைசி வரிசை நாற்காலியையும் முனை மழுங்கிய காம்பஸையும் தம்பிமாருக்கு ‘உயில்’ எழுதி வைப்பதையும் வெறும் விளையாட்டென்று தள்ளிவிடலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். அமெரிக்கப் பள்ளிகளில் இவ்வழக்கம் ஆண்டு மலரிலேயே அச்சேறி நெடுங்காலமாயிற்று. நம் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவிலோ இதற்குத் தனிக் கனமுண்டு: 1929-இல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டம் தோன்றிய அம்மலையில், குடியிருந்த லயமும் கம்பெனிக்கே சொந்தமானபடியால் எழுதிவைக்க ஏதுமற்றிருந்த தொழிலாளர் பரம்பரையில் வந்த ஒரு பெண், ‘நீ ஈப்போவில் பெரிய வக்கீலாவாய், என்னிடம் மட்டும் பீஸ் கேட்காதே’ என்று தோழிக்கு எழுதுவாளாயின், அந்தப் பரிகாசத்துள் மெய்யான ஆசீர்வாதம் இருக்கிறது. ஆகவே பள்ளி மலர்கள் பிரமுகர் வாழ்த்துரைகளைச் சுருக்கியேனும் இவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கவேண்டும்; மனம் புண்படுத்தும் கேலியை மட்டும் ஆசிரியர் நீக்கினால் போதும்.