தொப்பியா, குடும்பியா?

கொஞ்ச நாளாக எங்கட ஃபோன்களில் ஒரே மலைதான். பைக்குகள் வரிசையாகப் போகும், ட்ரோன் மேலே எழும்பும், பாறை உச்சியில் ஒருத்தன் கையை விரித்து நிற்பான். கீழே எழுத்து ஓடும்: 'தொப்பிகல அட்வென்ச்சர்'. போட்டவங்க கொழும்புப் பொடியன்கள் இல்லை. ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை. எங்களோட ஒரே விரிவுரை மண்டபத்தில் இருந்து கொட்டாவி விடுறவங்கதான்.

அந்த மலைக்குப் பெயர் குடும்பிமலை.

காட்டுக்கு மேலே தனியாகத் துருத்தி நிற்கிற அந்தப் பாறையைப் பார்த்துத் தமிழில் குடும்பி என்றார்கள். வெள்ளைக்காரன் வரைபடத்தில் 'பரன்ஸ் கெப்' என்று தொப்பி போட்டான். சிங்களத்திலும் தொப்பிதான். சிங்களம் பேசுகிற ஒருத்தர் தொப்பிகல என்று சொன்னால் எங்களுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை, அது அவருடைய மொழி. (எங்கட கூட்டத்தில தொப்பி போடுறவங்களும் இருக்காங்க. அவங்கட வாப்பாமாரும் குடும்பிமலை என்றுதான் சொல்றவங்க.) தமிழில் யோசித்து, தமிழில் சண்டை பிடித்து, தமிழில் காதல் கடிதம் எழுதுகிற நாங்கள் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? கேள்வி அவ்வளவுதான்.

பதில் எல்லாருக்கும் தெரியும். 2007 ஜூலை 11இல் இராணுவம் அந்த மலையைப் பிடித்தது. ஜூலை 19இல் கொழும்பில் அதற்கு அரச விழா எடுத்தார்கள். எங்களுக்கு அப்போது நாலு, ஐந்து வயது. டீவி திரும்பத் திரும்பச் சொன்ன சொல்தான் எங்கட வாயில் ஒட்டிக்கொண்டது. மறுகா இராணுவமே அடிவாரத்தில் மரபுரிமைப் பூங்காவும் அமைத்தது. இப்போது அந்த வேலையைச் சம்பளமில்லாமல் நாங்கள் செய்கிறோம், ஹாஷ்டேக் போட்டு.

"அரசியல் வேணாம் மச்சான், சும்மா ஏறிட்டு வருவம்" என்பார்கள். உலகத்தில் சும்மா ஏறுகிற பாறை குறைவு. கருங்கல் பாறை ஏறுகிறவர்களுக்கு அமெரிக்காவின் யொசெமிட்டி கோயில் மாதிரி. அங்கே எல் கப்பிட்டான் என்ற பாறையில் 1958இல் முதலில் ஏறிய 'நோஸ்' பாதைக்காக இன்றைக்கும் ஆட்கள் கண்டம் விட்டுக் கண்டம் வருகிறார்கள். ஆனால் அதற்கு நூறு வருசத்துக்கு முன்னம், 1851இல், மரிபோசா பட்டாளம் அந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து அங்கிருந்த பழங்குடிகளை விரட்டியது. பாறைகளுக்குப் பெயர் வைத்ததும் அதே ஆட்கள்தான். பட்டாளம் முதலில், பெயர் அடுத்தது, உல்லாசப் பயணிகள் கடைசி. இந்த வரிசையை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா?

அவுஸ்திரேலியாவின் உளுறுவில் 2019 ஒக்டோபர் 26உடன் ஏறுவதையே நிறுத்திவிட்டார்கள், அந்த மண்ணின் அனங்கு மக்கள் கேட்டதற்காக. நாங்கள் அதைக் கேட்கவில்லை. குடும்பிமலைப் பக்கமே போகக்கூடாது என்று சொல்கிற அண்ணன்மாரோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. நாங்கள் போகாவிட்டால் மலை இன்னும் தூரமாகும், அவ்வளவுதான். போகத்தான் வேணும். எப்படிப் போகிறோம் என்பதில்தான் சண்டை.

கிரானில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நாங்கள் இருந்தபோது ஒரு பைக் கூட்டம் வந்து "தொப்பிகலவுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டது. கடைக்கார ஐயா, "ஆமிக் காம்புக்கா மகன் போறீங்க?" என்றார். அவர் பகிடி விடவில்லை. அவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் அதுதான். கூட்டம் சிரித்துவிட்டுப் போனது.

அந்தக் கடையிலிருந்து மேற்கே போகிற பாதையைக் கவனியுங்கள். மாரியில் வெள்ளம் வந்தால் புலிபாய்ந்தகல்லில் வீதி தண்ணிக்குள் போய்விடும். அந்தப் பக்கத்துச் சனத்துக்குப் படகுதான். அதைத் தாண்டினால் வயல், காடு, மாட்டுப் பட்டிகள். கிட்டடியில்தான் மயிலத்தமடுவும் மாதவணையும். அந்த மேய்ச்சல் தரையை வெளி மாவட்டங்களில் இருந்து வந்து உழுகிறார்கள், மாடுகளைச் சுடுகிறார்கள் என்று சொல்லித்தான் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் குந்தினார்கள். எங்கட கம்பசில் இருந்து கூப்பிடு தூரம். அந்தப் பட்டிப் பாலில் வந்த சட்டித்தயிரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பைக் ஏறுகிறோம். வீடியோவில் அந்த இடமெல்லாம் வெறும் 'கிறீனறி'. மூன்று செக்கனில் தாண்டிவிடும்.

பாறையைப் பற்றியும் ஒன்று. வெயில் ஏறினால் கல் அடுப்பு மாதிரிச் சுடும். மழை பெய்தால் பாசி வழுக்கும். ஏறுவதை விட இறங்குவதில்தான் கால் நடுங்கும். இதெல்லாம் தெரிந்தவர்கள் பட்டிக்காரர்கள். அவர்களிடம் வழி கேட்கலாம், காசு கொடுத்துக் கூட்டிப் போகலாம். போத்தலைத் திரும்பக் கொண்டுவரலாம்.

அடுத்த பயணத்துக்கு வாட்சப்பில் ஆள் சேர்க்கிறீங்களாமே? ஒருக்கா மாரிக்குள்ள கிளம்பிப் பாருங்க. மலை ஏறக் கிடைக்காது. புலிபாய்ந்தகல்லில் படகுக்கு நிற்கிற சனத்தோட நீங்களும் வரிசையில் நில்லுங்க. ட்ரோனை அங்கயும் எழுப்புங்க.